பெரியகுளத்துத் தண்ணீர்

ஈழத்தின் வடக்கே நல்லூரில் ஓர் அரசு இருந்தது. தெற்கே கோட்டை என்ற நகரில் இன்னோர் அரசு இருந்தது. இரண்டுக்கும் நடுவே காடு. காட்டுக்குள் குளங்கள், குளங்களைச் சுற்றி வயல்கள். அந்த நாட்டை வன்னி என்றார்கள்.

வன்னியில் பாலையடிப்பற்று என்றொரு சிறு நாடு. அதை மருதநாச்சி ஆண்டாள். யானை பிடிக்கப் போன இடத்தில் கணவன் இறந்தபின் பட்டத்துக்கு வந்தவள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பிறர் பொருளைத் தொடாதவள் என்று எதிரிகள்கூடச் சொல்வார்கள். அவள் ஆட்கள் பிடித்த யானையின் காலில் அடுத்த நாட்டுக் கயிறு கிடந்தால், யானையைக் கயிற்றோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

அவளுக்கு ஒரு குரு இருந்தார். அவளைவிட மிக இளையவர். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. தமிழும் சிங்களமும் ஒன்றுபோல் பேசுவார். காட்டுக்குள் இடிந்துகிடந்த பழைய அரண்மனை ஒன்றின் கல்தூண்களுக்கு நடுவே ஓலைக் கொட்டில் போட்டு இருந்தார். அந்த அரண்மனையில் இருந்த அரசன் யார் என்று அவருக்கும் தெரியாது. வயதைப் பார்த்து மக்கள் அவரை இளையசாமி என்றார்கள். நாச்சி வெறுமனே சாமி என்றாள். மனம் கனத்தால் வருவாள், நிறைந்தாலும் வருவாள்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. வடக்குக்கும் தெற்குக்கும் போரும் மூண்டிருந்தது.

பாலையடிக் குளத்துக்குத் தண்ணீர் தெற்கே இருந்த பெரியகுளத்திலிருந்து வரவேண்டும். இரண்டையும் இணைத்து ஒரு நீண்ட வாய்க்கால் இருந்தது. அதை வெட்டிய அரசன் காலத்தில் அங்கே எல்லை இல்லை. இப்போது பெரியகுளம் கோட்டை அரசின் கையில் இருந்தது. போர் தொடங்கியதும் அங்கிருந்த துருசை அடைக்கச் சொல்லி ஆணை வந்தது. துருசு என்பது குளத்து நீரை வாய்க்காலுக்குள் விடுகிற வாசல். அது அடைபட்டதும் வாய்க்கால் காய்ந்தது. பிள்ளைகள் அதற்குள் ஓடி விளையாடினார்கள்.

பாலையடியில் நெற்பயிர் கதிரை வயிற்றில் சுமந்துகொண்டு நின்றது. இலைகள் சுருளத் தொடங்கின. குளத்தில் மிஞ்சிய சேற்றில் மீன்கள் துடித்தன. ஊரை விட்டுப் போய்விடலாமா என்று பேச்சு எழுந்தது. எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு விடியலில் வாய்க்கால் பக்கமிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"தண்ணி! ஐயோ, தண்ணி வருது!"

முதலில் சருகுகள் வந்தன. பிறகு நுரை. அதன் பின்னால், பாம்பு ஊர்வதுபோல மெல்ல, தண்ணீர். நாச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. ஊரே பார்க்க நின்று அழுதாள்.

கடைசி வயல் நனையும் வரை தண்ணீர் வந்தது. பிறகு, வந்ததுபோலவே ஓசையில்லாமல் நின்றது.

நாச்சி நேராக இளையசாமியிடம் போனாள்.

"சாமி, கோட்டையாரின் ஆணையை மீறி யாரோ துருசைத் திறந்திருக்கிறார்கள். பகை நாட்டில் இருந்துகொண்டு எங்களுக்கு உயிர் தந்திருக்கிறார்கள்."

"நல்லது."

"யாரென்று தெரியவில்லை. தெரியாமல் எப்படி நன்றி சொல்வது?"

தூரத்தில் பறையொலி கேட்டது.

"அது என்ன?" என்றார் இளையசாமி.

"நான்தான் அறையச் சொன்னேன். துருசைத் திறந்தவர் யாரானாலும் வரட்டும். பாலையடியில் பாதி வயலைக் கேட்டாலும் தருகிறேன். எல்லை நெடுக அறைந்துகொண்டு போகிறார்கள்."

"எல்லையில் அறைந்தால் பெரியகுளத்துக்குக் கேட்குமா?"

"நன்றாகக் கேட்கும்." சொல்லிவிட்டு நாச்சி சிரித்தாள்.

இளையசாமி சிரிக்கவில்லை.

நாச்சியின் சிரிப்பு மெல்ல அணைந்தது. எழுந்து, வந்த வழியே ஓடினாள். ஐம்பது வயதுப் பெண் காட்டுப் பாதையில் ஓடுவதைப் பார்த்துக் காவலர்களும் பின்னால் ஓடினார்கள். பறை நின்றது. ஆனால் கேட்கக் கூடாதவர்கள் கேட்டுவிட்டார்கள்.

நாச்சியின் படைமுதலி சாத்தன் செய்தி கொண்டுவந்தான்.

"கோட்டையிலிருந்து விக்கிரம முதியான்சே வந்து இறங்கியிருக்கிறார். அரசனின் அதிகாரி. பெரியகுளத்துக் குடிகள் எல்லாரையும் குளக்கட்டில் வெயிலில் நிறுத்தியிருக்கிறார். ஆண், பெண், கிழவர் என்று பார்க்கவில்லை. கைகளைக் கட்டியிருக்கிறார்."

"யாரும் ஒப்புக்கொண்டார்களா?"

"இல்லை. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை."

"அவர்கள் சட்டம் என்ன?"

"அயலார் வந்து திறந்திருந்தால் திருட்டு. பிடிபட்டவர் குளக்கட்டுக்கு மண் சுமக்க வேண்டும். உள்ளூரார் பகைவனுக்குத் திறந்திருந்தால் துரோகம். தலை போகும். யாரென்று தெரியாவிட்டால் காவல் முறையில் இருந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அதே தண்டனையாம்."

நாச்சி அன்று சோற்றைத் தொடவில்லை. மறுநாள் மீண்டும் இளையசாமியிடம் போய் உட்கார்ந்தாள்.

"நன்றி சொல்லப் போய் அவர்களைக் கொல்லப் பார்க்கிறேன், சாமி. படையோடு போய் மீட்கவா?"

"மீட்டால் பிறகு எங்கே இருப்பார்கள்?"

"இங்கே."

"அவர்களுடைய குளம்?"

நாச்சி தலை குனிந்தாள்.

"முதியான்சே யாரைத் தேடுகிறார்?" என்று கேட்டார் இளையசாமி.

"துருசைத் திறந்தவரை."

"கிடைத்தாரா?"

"கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை விடமாட்டார்."

இளையசாமி எழுந்தார். கொட்டிலுக்குப் பின்னால் ஒரு சிறு வாய்க்காலில் தேங்கியிருந்த தண்ணீரை இரண்டு கைகளாலும் அள்ளிக்கொண்டு வந்தார். நாச்சியின் மடியில் விரிந்து கிடந்த உள்ளங்கைகளில் அதை ஊற்றினார்.

பிறகு அந்தக் கைகளை உற்றுப் பார்த்தார்.

"உங்கள் கை ஈரமாக இருக்கிறதே, நாச்சியார்" என்றார்.

நாச்சி கைகளைத் துடைக்கவில்லை. அந்த ஈரக் கைகளாலேயே அவர் காலைத் தொட்டு வணங்கிவிட்டுப் புறப்பட்டாள்.

சாத்தன் எல்லைவரை கூடவே வந்தான். வழியெல்லாம் மன்றாடினான்.

"தாயே, பழியை நான் ஏற்கிறேன். நான் திறந்தேன் என்று சொல்கிறேன்."

"உன்னைக் கேட்டால், யார் ஏவினார்கள் என்பார்கள். மறுபடியும் என்னிடம்தான் வருவார்கள். உனக்கெதற்கு வீண் அலைச்சல்?"

"திருடி என்று பெயர் வருமே! உங்களுக்கா?"

"ஆமாம்" என்றாள் நாச்சி. சற்று நடந்த பிறகு, "அதை நினைத்தால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது" என்றாள்.

எல்லையில் காதணியையும் கழுத்தணியையும் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். வெண்குடை பிடித்து வந்தவனைத் திருப்பி அனுப்பினாள். தனியாக நடந்தாள்.

பெரியகுளம் கடல்போல இருக்கும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். போய்ப் பார்த்தபோது அதுவும் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. கட்டின் மேல் மக்கள் வரிசையாக நின்றார்கள். சிலர் நிற்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் அவர்கள் உதடுகளை வெடிக்க வைத்திருந்தது. மருத மரத்தடியில் முதியான்சே அமர்ந்திருந்தார்.

நாச்சி அவர் முன் போய் நின்றாள்.

"நான் பாலையடி மருதநாச்சி. துருசைத் திறந்தது நான்தான்."

முதியான்சே தமிழ் நன்கு அறிந்தவர். ஆனாலும் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல முன்னால் சாய்ந்தார்.

"நாச்சியார் பிறர் பொருளைத் தொடமாட்டார் என்று கோட்டை வரை பேச்சு உண்டு."

"பயிர் கருகாத காலத்துப் பேச்சு அது."

"கூட வந்தவர்கள் யார்?"

"என் ஆட்கள். பெயர் சொல்லமாட்டேன். ஏவியது நான்."

"காவலர் கண்ணில் படாமலா?"

"காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களை யார் காண்பார்கள்?"

"அப்படியானால் ஏன் பறை அறைந்தீர்கள்? திறந்தவருக்குப் பரிசு என்று?"

"பழியை இந்தப் பக்கம் தள்ளிவிட. தள்ளிவிட்ட பிறகு தூக்கம் வரவில்லை."

முதியான்சே எழுந்து அவளருகே வந்தார்.

"துருசுக் கிணற்றில் எத்தனை பலகை தூக்கினீர்கள்?"

பழைய அரசர்கள் கட்டிய குளங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். கட்டுக்குள் கல்லால் ஒரு கிணறு, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக மரப்பலகைகள். அவ்வளவுதான் நாச்சிக்குத் தெரியும். இந்தத் துருசை அவள் கண்ணால் கண்டதில்லை. வரிசையில் நின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"திருட வந்தவள் பலகையை எண்ணிக்கொண்டா நிற்பாள்?" என்றாள்.

கட்டப்பட்டவர்களுக்குள்ளே யாரோ சட்டென்று சிரித்து, சிரிப்பை விழுங்கினார்கள். நாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் யாரென்று தெரிந்துவிடுமோ என்று பயந்தாள்.

முதியான்சே குரலைத் தாழ்த்தினார். பிறகு சொன்னார்:

"வன்னித் தலைவியைப் பிடித்தால் விலங்கிட்டுக் கோட்டைக்கு அனுப்ப வேண்டும். தண்ணீர் திருடியைப் பிடித்தால் மண் சுமக்க விட்டால் போதும். நீங்கள் யாராக வந்தீர்கள்?"

"திருடியாக."

முதியான்சே கையை அசைத்தார். காவலர்கள் குடிகளின் கட்டுகளை அவிழ்த்தார்கள். யாரும் ஓடவில்லை. ஒவ்வொருவராகக் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள்.

"மழை பிடிக்கும்வரை சுமக்கட்டும்" என்றார் முதியான்சே. தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை.

நாச்சி மண் சுமந்தாள்.

வற்றிய குளத்தின் அடியில் மண்ணை வெட்டிக் கூடையில் போடுவார்கள். அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு கட்டின் உச்சிக்கு ஏற வேண்டும். முதல் நாள் கழுத்து திரும்பவில்லை. சரிவில் கால் வழுக்கி விழுந்தாள். மண் கண்ணில் கொட்டியது. நாட்டை ஆண்டவளுக்கு அழுகை வந்தது. அழுதால் கண்ணில் விழுந்த மண் கரையும் என்று அழுதாள்.

அடுத்த நாள் ஓர் இளம் தாய் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். பழைய துணியைச் சுருட்டிச் சும்மாடு ஆக்கி, நாச்சியின் தலையில் வைத்து அழுத்தினாள். நாச்சி அவள் முகத்தைப் பார்த்தாள். இவளாக இருக்குமோ? கும்பிட்டாள்.

மண் வெட்டிப் போட்ட முதியவர் அவள் கூடையை மட்டும் முழுதாக நிரப்புவதில்லை. இவராக இருக்குமோ? அவரையும் கும்பிட்டாள். அவர் கூச்சத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டின் மேலிருந்து பார்த்தால் பெரியகுளத்துக் குடிகளின் வயல்கள் தெரியும். ஒருநாள் உச்சியில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். கடைக்கோடி வயல்கள் கருகியிருந்தன. அங்கே போயிருக்க வேண்டிய தண்ணீர் பாலையடிக்குப் போயிருந்தது.

கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மிச்சமிருந்ததைத்தான் கொடுத்தார்கள் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

கருகிய வயல்களில் ஒன்று ஒரு தடித்த மனிதனுடையது. அவன் தினமும் காலையில் அவளைக் கடந்து போவான். அவள் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போவான். முதலில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருநாள் தோன்றியது: தன் வயல் கருகும் என்று தெரிந்தே ஒருவன் திறந்திருந்தால்? சந்தேகம் தன்மேல் வராமலிருக்க இப்படித்தானே நடப்பான்? இவனாகவும் இருக்கலாமே.

மறுநாள் அவன் துப்பியதும் அவனைக் கும்பிட்டாள். அவன் திகைத்து நின்றான். சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனான். அதற்கடுத்த நாளும் துப்பினான். அவளும் கும்பிட்டாள்.

அந்தக் குளக்கட்டில் அவள் கும்பிடாத முகம் இல்லை என்று ஆயிற்று. குடிகள் அதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். திருடிக்கு மனம் திருந்திவிட்டது என்றார்கள் சிலர். இன்னும் சிலர் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ அவளுக்குக் குரக்கன் என்கிற கேழ்வரகில் அவித்த பிட்டு கொடுத்தார்கள். யாரோ அவள் பாதத்து வெடிப்புக்கு இலுப்பை எண்ணெய் வைத்துவிட்டுப் போனார்கள்.

மழை வந்தது.

முதல் துளி விழுந்ததும் கட்டின்மேல் நின்ற எல்லாரும் கூவினார்கள். நாச்சியும் கூவினாள். எந்த மொழியில் கூவினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் சுமந்த மண்ணை மிதித்து இறுக்கினார்கள். குளம் பெருகிக் கட்டோடு மோதியது. கட்டு நின்றது.

முதியான்சேயின் ஆள் வந்து, போகலாம் என்று சொன்னான்.

பாலையடியில் அறுவடை முடிந்திருந்தது. களத்தில் நெல் குவிந்திருந்தது. மக்கள் அவளை எதிர்கொண்டு அழைத்தார்கள். ஆனால் பார்வைகள் முன்போல் இல்லை. எங்களுக்காகத் திருடினாள் என்று சிலர் பெருமையாகப் பேசினார்கள். அவளா, அவளுமா என்று சிலர் வருந்தினார்கள். பக்கத்துச் சிறு நாட்டுக்காரர்கள் அவள் ஆட்களைக் கண்டால் மாடுகளைப் பட்டிக்குள் ஓட்டினார்கள். நாச்சி யாருக்கும் எதையும் விளக்கவில்லை. போர் இன்னும் முடியவில்லை. உண்மை எல்லை தாண்டினால் அங்கே ஒரு தலை விழும்.

உண்மையை மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரே மனிதரிடம் போனாள். காட்டில் மழை விட்டு மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. இளையசாமி கொட்டிலுக்கு ஓலை மாற்றிக்கொண்டிருந்தார். நாச்சியும் ஓலையை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். அவள் கைகள் காய்த்துப் போயிருந்தன.

"யாரென்று தெரிந்ததா?" என்று கேட்டார்.

"இல்லை, சாமி. எல்லாரையும் பார்த்துவிட்டேன். எல்லாரும் அவராகவே தெரிந்தார்கள்."

"துன்பப்பட்டீர்களா?"

"பட்டேன். ஆனால் இவ்வளவு காலம் ஆண்டதில் இந்த மழைக்கு முந்திய நாட்களைப்போல் நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை. காலையில் எழும்போதே யாரையாவது கும்பிட வேண்டும் போலிருக்கும். கும்பிட ஆளும் இருக்கும்."

இளையசாமி ஓலையைக் கட்டினார்.

"ஒரே ஒரு குறை" என்றாள் நாச்சி. "நான் ஏன் பொய் சொன்னேன் என்று துருசைத் திறந்தவருக்குப் புரிந்திருக்குமா? ஒருவேளை, தான் திறந்தது போக இவளும் வேறொரு நாள் வந்து திறந்தாளோ என்று அவர் குழம்பியிருக்கலாம். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். என் நன்றி அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும், சாமி. வேறொன்றும் வேண்டாம்."

இளையசாமி கூரையிலிருந்து இறங்கி வந்தார்.

"அவர் திறந்துவிட்ட தண்ணீர் உங்கள் கடைசி வயல் வரை போயிற்றா?"

"போயிற்று."

"போய்ச் சேர்ந்ததா என்று அவர் வந்து பார்த்தாரா?"